தேயிலை மலைப் போர்வை: டிசைன் முதலா, துணி முதலா?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

எல்லோருக்கும் வணக்கம். துணித் துண்டுகளைச் சேர்த்து அம்மாவுக்கு ஒரு ஒட்டுப்போர்வை தைக்கப்போகிறேன். சின்ன வயதிலிருந்தே கொழுந்து எடுத்தவர், இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். அவர் ஏறி இறங்கிய மலையே போர்வையில் வரவேண்டும் என்பது என் ஆசை. சதுரக்கோடு போட்ட கணக்குக் கொப்பியில் வரைந்து பார்த்தேன்: மேலே வானம், நடுவில் நிரை நிரையாகத் தேயிலை, குறுக்கே ஒரு பாதை, கீழே ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), ஓரத்தில் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்).

கையில் இருக்கிற துணி இவைதான்: அம்மாவின் பழைய வொயில் சேலைகள், நைலெக்ஸ் (நைலோன்) சேலைகள், ஒரு கைத்தறிச் சேலை, பிள்ளைகளின் வெள்ளை யூனிபோம், கணவரின் சாரங்கள், டவுனில் கிலோ கணக்கில் வாங்கிய கட்பீஸ் ஒரு பை. கட்பீஸில் பச்சைதான் அதிகம், பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். மிதிக்கிற சிங்கர் மெசின் இருக்கிறது. கட்டில் மூன்றடி அகலம், ஆறடி நீளம்.

எதை எங்கே வைப்பது, இந்த டிசைன் சரிவருமா? சொல்லுங்கள்.

ஊசிமுனை (பதுளை)

தங்கச்சி, கொப்பியை மூடிவிட்டுத் துணிப் பையைத் திறங்கள். வீட்டுத் துணியில் போர்வை தைக்கிறவர்களுக்கு டிசைன் துணியிலிருந்துதான் வரவேண்டும். படத்தை வரைந்துவிட்டு அதற்குத் துணி தேடினால், நிறம் பொருந்துகிறது என்பதற்காக நைலெக்ஸையும் கைத்தறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைப்பீர்கள். ஒன்று வழுக்கும், மற்றது பிரியும். துவைத்த பிறகு ஒன்று சுருங்கும், மற்றது அப்படியே நிற்கும். நடுவில் இருக்கிற தையல்தான் சுருக்கம் விழுந்து இழுபடும்.

முதலில் நிறத்தைப் பார்க்காமல் இழையைப் பார்த்துப் பிரித்துவையுங்கள். எது கொட்டன், எது கலப்பு என்று தெரியாவிட்டால் விரலளவு துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். கொட்டன் கடதாசி எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். நைலோனும் பொலியெஸ்டரும் உருகிச் சுருண்டு, ஆறினதும் கல்லு மாதிரி ஒரு மணியாக நிற்கும். இரண்டும் கலந்த துணி எரியவும் செய்யும், ஓரத்தில் மணியும் கட்டும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

நைலெக்ஸ் சேலை இந்தப் போர்வைக்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தையலுக்கும் பிறகு அயன் பண்ணித்தான் அடுத்ததைத் தைக்கவேண்டும். கொட்டனுக்கு வைக்கிற சூட்டில் நைலெக்ஸ் அயனிலேயே ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு அந்தச் சேலைகள் பிரியம் என்றால் ஒரு கைப்பையோ தலையணை உறையோ தைத்துக் கொடுங்கள்.

பனிமூட்டம் (நுவரெலியா)

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே உள்ளே என்ன வைக்கப்போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. நம் பக்கத்தில் அதைத்தான் முதலில் முடிவெடுக்கவேண்டும். அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு நெருக்கமாகத் தைப்பது என்பதும், அதைப் பொறுத்துத்தான் டிசைனும்.

இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் சரி. போர்வைக்குள் வைத்தால் துவைக்கிறபோது ஒரு மூலையில் திரண்டுவிடும், பிறகு பிரிக்க முடியாது. சிலர் தோட்டத்துப் பழைய கம்பளியை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். சூடு நன்றாக இருக்கும், ஆனால் கம்பளி சுடுதண்ணீரிலும் கசக்கலிலும் இறுகிச் சுருங்கும், மேல்துணி பொம்மென்று எழும்பி நிற்கும். கொட்டன் பஞ்சு உடம்புக்கு இதம். ஆனால் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மழையும் பனியுமாக இருக்கிற ஊரில் அதை எங்கே காயவைப்பது? ஈரம் இறங்காமல் பூஞ்சணம் பிடிக்கும்.

சீட்டாக வரும் பொலியெஸ்டர் பஞ்சு வாங்குங்கள். இலேசு, சீக்கிரம் காயும், தையலுக்குத் தையல் அகலமாக இடைவெளி விட்டாலும் நகராது. மிதிக்கிற மெசினுக்கு மெல்லியதாக எடுங்கள். தடித்தது மெசினின் பாதத்துக்குக் கீழே போகாது. குளிருக்குப் போதாது என்று தோன்றினால் அடித்துணிக்குப் பிளானல் போடலாம்.

மகாவலிக்கரை (கண்டி)

டிசைன் பற்றி ஒரு யோசனை. ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டுத் தைக்கிற வேலையில் ஸ்டோருக்கு ஜன்னல், லயத்துக்குக் கதவு எல்லாம் வராது. ஒரு அங்குல ஜன்னல் வேண்டும் என்றால் ஒன்றரை அங்குலத் துண்டு வெட்டவேண்டும். அப்படிப் பத்து ஜன்னல் வைத்தால் பின்பக்கம் முழுக்கத் தையல் மடிப்பாகவே திரண்டு நிற்கும். படம் வரைவதை விட்டு, கோடும் கட்டமுமாக யோசியுங்கள்.

நம் பக்கத்திலேயே அதற்கு நல்ல வழிகாட்டி இருக்கிறது. குண்டசாலைக்குப் பக்கத்து ஹேனாவல கிராமத்தில் நெய்கிற தும்பறைப் பாயைப் பாருங்கள். 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது அந்தக் கைவினையைத்தான். தறியில் குறுக்கும் நெடுக்கும் போகிற நாரில் வளைவு வராது. அதனால் மான், பறவை, பாம்பு எல்லாமே படிப்படியான கோணங்களாகவும் வைரக் கட்டங்களாகவும்தான் வரும். நாரின் இயல்பான வெளிர் நிறத்துக்கு மேலே சிவப்பும் கறுப்பும் மஞ்சளும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று அந்த நெசவுக்காரர்களிடம் கற்கலாம். அந்தப் பாயின் பட்டிகளையே வைத்து உங்கள் போர்வையைத் தைத்தாலும் அழகாக இருக்கும்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

மகாவலிக்கரை ஐயா, தும்பறைப் பாய் எனக்கும் பிடிக்கும். ஆனால் இது அம்மாவின் போர்வை, தேயிலைதான் வேண்டும். ஸ்டோரையும் லயத்தையும் விட்டுவிடுகிறேன், அதில் எனக்குக் கவலையில்லை. நிரைகள் மட்டும் வந்தால் போதும். அதை எப்படிக் கொண்டுவருவது?

ரெட்டைத்தையல் (ஹட்டன்)

அக்கா, உங்களுக்கு லொக் கெபின் கட்டம்தான் பொருத்தம். அமெரிக்காவில் 1860களிலிருந்து பரவலாகத் தைக்கிறார்கள். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிக் கீற்றுகள். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர் துணி, மற்ற இரண்டு பக்கம் அடர் துணி. முடிந்ததும் கட்டம் மூலைக்கு மூலை வெளிர் பாதி, அடர் பாதி என்று பிரிந்து நிற்கும். இந்தக் கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திருப்பி அடுக்கினால் (சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டமெல்லாம் தலைகீழ், வெள்ளைக் கட்டமெல்லாம் நேர்) போர்வை முழுக்கச் சாய்வாக வெளிர் பட்டி, அடர் பட்டி, வெளிர் பட்டி என்று ஓடும். அதுதான் உங்கள் நிரை. நேர்க்கோடு மட்டும் தைத்துச் சாய்வான மலை கிடைக்கிறது. முக்கோணமே வெட்டத் தேவையில்லை, துணி சாய்வில் இழுபடுகிற தொல்லையும் இல்லை.

கணக்கு: கட்டில் 36க்கு 72 அங்குலம். இரண்டு பக்கமும் 12 அங்குலம் தொங்கவேண்டும், கால் பக்கத்திலும் 12. அப்போது 60க்கு 84. கட்டம் 12 அங்குலம் என்றால் அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7, மொத்தம் 35 கட்டம். நடுச் சதுரம் 3½ அங்குலமாக வெட்டுங்கள், கீற்றெல்லாம் 2 அங்குல அகலம். மூன்று சுற்றுச் சுற்றினால் தைத்து முடிந்த அளவு சரியாக 12 வரும்.

வெளிர் கீற்றை முதலில் தைப்பதால் அடர் கீற்றுகள்தான் நீளம் கூட. ஒரு கட்டத்துக்கு வெளிர் 43½ அங்குலம், அடர் 52½ அங்குலம் கீற்றுப் போகும். 44 அங்குல அகலத் துணியில் மொத்தமாகப் பார்த்தால் வெளிர் இரண்டேகால் மீற்றர், அடர் இரண்டேமுக்கால் மீற்றர் இருந்தால் தாராளம். ஒரே துணியாக இருக்கவேண்டும் என்றில்லை, பத்து வகைத் துணியில் சேர்த்து அவ்வளவு வந்தால் சரி.

மெசினில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, தகட்டில் தடித்த டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போகட்டும். ஒரு தையலில் நூலளவு பிசகினாலும் கட்டத்துக்குக் கட்டம் அளவு மாறிவிடும்.

குறிஞ்சிப்பூ (அப்புத்தளை)

நடுச் சதுரத்துக்கு என்ன நிறம் வைப்பார்கள்?

ரெட்டைத்தையல் (ஹட்டன்)

வழக்கமாகச் சிவப்பு. வீட்டு அடுப்பைக் குறிக்கிறது என்று சொல்வார்கள். இங்கே சிவப்பு வைத்தால் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களின் தலைத்துண்டு தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி இருக்கும் அக்கா. 35 பேர் நிரையில் நிற்பார்கள்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

தம்பி, தலைத்துண்டு என்று நீங்கள் சொன்னதும் மனதில் முடிவாகிவிட்டது. சிவப்புத்தான்.

ஆனால் பச்சைத் துணிகளை எல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்தால் ஒன்றும் எடுபடவில்லை. கட்பீஸில் பூப்போட்ட பச்சை, கோடுபோட்ட பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை எல்லாம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு. சேர்த்து வைத்தால் ஒரே பச்சையாகக் கலங்கிவிடுகிறது.

ஊசிமுனை (பதுளை)

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடியான இடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நிறம் வேறு, வெளிர் அடர் என்பது வேறு. லொக் கெபினில் பட்டி தெரிவது நிறத்தால் இல்லை, வெளிர் அடர் வித்தியாசத்தால்தான். உங்கள் பச்சைகள் எல்லாம் நடுத்தரம். பரப்பிவைத்த துணிகளைக் கைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாதவை எல்லாம் ஒரே வகை. கிளிப்பச்சை கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும், படத்தில் அது பாசிப்பச்சைக்குப் பக்கத்திலேயே நிற்கக்கூடும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் இது பிடிபடும், ஆனால் படத்தில் சந்தேகமே இருக்காது.

இனி மலையை நினைத்துப் பாருங்கள். தேயிலை ஒரே பச்சையா? எடுக்கத் தயாரான மலையில் செடியின் மேல்தட்டில் வெளிர் மஞ்சள் கலந்த கொழுந்து, அதற்குக் கீழே கறுப்புக்குக் கிட்டப் போகிற முத்தின இலை. கொழுந்து எடுத்து முடிந்த பக்கம் உடனே அடர்ந்துபோகும். கவ்வாத்து வெட்டின மலையில் பச்சையே இல்லை, கபிலமும் சாம்பலும்தான். காலைப் பனியில் தூரத்து மலை நீலமாகத் தெரியும். இவ்வளவும் உங்களுக்குக் கிடைக்கிற துணிதான்.

ஆகவே வெளிர் பாதிக்கு யூனிபோம் வெள்ளை, இள மஞ்சள், பழுத்துப்போன வொயில். அடர் பாதிக்குக் கரும்பச்சை, கடல்நீலம், சாரத்தில் அடர்ந்த கட்டம் போட்டவை, கபிலம். நடுத்தரப் பச்சையை ஓரிரண்டு துணிக்கு மேல் வைக்காதீர்கள், அதையும் அடர் பக்கத்திலேயே வையுங்கள். பச்சை குறைந்தால் தேயிலை வராது என்று பயப்படவேண்டாம், பட்டி ஓடினால் கண் மிச்சத்தைப் போட்டுக்கொள்ளும்.

வெள்ளை யூனிபோமில் ஒரு விஷயம் கவனியுங்கள். நீலம் போட்டுப் போட்டுத் துவைத்த பழைய சட்டை நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். புதியது பளிச்சென்று இருக்கும். இன்னொன்று மஞ்சள் பாரித்திருக்கும். மூன்றையும் ஒரே கட்டத்தில் கலந்தால் அழுக்கு மாதிரித் தெரியும். பிரித்துவைத்து, நீலம் கலந்ததைப் போர்வையின் தலைப்பக்கக் கட்டங்களுக்கும் மஞ்சள் பாரித்ததைக் கால்பக்கத்துக்கும் போட்டால் மேலே பனி, கீழே வெயில் என்று மலை தானாகவே வந்துவிடும். யூனிபோமையும் மறக்காமல் எரித்துப் பாருங்கள். பல சட்டைகள் பொலியெஸ்டர் கலந்தவை. கலப்பு இருந்தால் பயன்படுத்தலாம், அயன் சூட்டை மட்டும் குறையுங்கள்.

வெள்ளிமலை (பண்டாரவளை)

எல்லோரும் பழைய துணி என்றே பேசுகிறீர்கள். நான் உடன்படவில்லை. இவ்வளவு வேலை செய்து தைத்த போர்வை நாலு துவைப்பில் கிழிந்தால் யாருக்கு வருத்தம்? பொப்ளின் புதிதாக ஐந்து மீற்றர் வாங்கினால் எல்லாத் துண்டும் ஒரே தடிப்பு, ஒரே மாதிரிச் சுருங்கும், வெட்டுவதும் சுலபம். அம்மாவின் சேலையை ஒரு கட்டத்தில் ஞாபகத்துக்கு வைத்தால் போதாதா?

ஊசிமுனை (பதுளை)

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது வெள்ளிமலை. நைந்த துணியை வைக்கவே கூடாது. அதைத் தைப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சேலையைப் பிடியுங்கள். இழை விலகின இடம் சல்லடையாகத் தெரியும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி இழுத்துப் பாருங்கள். ‘சர்’ரென்று இழை விட்டால் அந்தப் பகுதியை ஒதுக்குங்கள். சேலை முழுவதும் ஒரே மாதிரி நையாது. இடுப்பில் செருகுகிற இடமும் கால் தட்டுகிற கீழ் ஓரமும் முதலில் போகும். உள்கட்டாக இருந்த பக்கம் பெரும்பாலும் புதுசாகவே இருக்கும், அதை வெட்டி எடுங்கள்.

வொயில் மெல்லியது என்பதும் உண்மை. மேல்துணிக்குப் போடுவதானால் அயன் பண்ணினால் ஒட்டுகிற மெல்லிய கன்வஸை அடியில் ஒட்டிய பிறகு கீற்று வெட்டுங்கள். பொப்ளினுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தடிப்பு வரும். சேலையெல்லாம் போதாத இடத்துக்குப் பொப்ளின் வாங்குவதில் தவறே இல்லை, கரும்பச்சைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் முழுவதும் புதுத்துணி என்றால் அம்மா போர்த்துவது யாரோ ஒருவர் தைத்த போர்வை. அவர் மடித்துவைத்த சேலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற போர்வைக்கு அது ஈடாகாது.

மகாவலிக்கரை (கண்டி)

கைத்தறிச் சேலை பற்றி யாரும் சொல்லவில்லை. தடித்த நூல், தளர்ந்த நெசவு. கால் அங்குலத் தையலில் பிரிந்துவிடும். லொக் கெபின் கீற்றுக்கு வேண்டாம். பத்திக் போடும் எண்ணம் இருந்தால் அதையும் ஒரு தடவை யோசியுங்கள். நிறம் இரண்டு பக்கமும் ஊறியிருப்பது வசதிதான், ஆனால் நெருக்கமாக நெய்த துணி, கையூசி இறங்கச் சிரமப்படும், அடர்ந்த சாயம் கழன்று பக்கத்துத் துணியில் இறங்கவும் கூடும்.

குறிஞ்சிப்பூ (அப்புத்தளை)

என்னிடம் மெசின் இல்லை, அளந்து வெட்டுகிற பொறுமையும் குறைவு. எனக்கு ஏதாவது வழி உண்டா? பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறேன், மன்னிக்கவும்.

மகாவலிக்கரை (கண்டி)

உங்களுக்குச் சித்தி பெண்களின் முறை சரிவரும். இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், உத்தர கன்னடப் பகுதியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் அவர்கள். ‘கவந்தி’ என்று தைப்பார்கள். பெரும்பாலும் ஒரு பழைய சேலைதான் அடித்துணி. ஒரு மூலையில் தொடங்கி, கையில் கிடைக்கிற துண்டின் ஓரத்தை உள்ளே மடித்துவைத்து, நூலோடிக்கொண்டே விளிம்பைச் சுற்றிவந்து, சுற்றுச் சுற்றாக நடுவுக்குப் போவார்கள். முன்கூட்டி வெட்டுவதும் இல்லை, பஞ்சும் இல்லை. நூலோடும்போதே மேல்துணி, அடித்துணி இரண்டும் சேர்ந்துவிடும். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியில் பூ மாதிரி முக்கோணம் வைப்பது அவர்கள் வழக்கம். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலையை அடுக்கி நூலோடுவதுதான். இரண்டுக்கும் வேண்டியது ஊசியும் நூலும் நல்ல வெளிச்சமும்.

அப்பொழுதும் வெளிர், அடர் பார்க்கத்தான் வேண்டும். அது எல்லா முறைக்கும் பொது.

பனிமூட்டம் (நுவரெலியா)

கொழுந்துக்கூடை, சிவப்புத் துணியைக் கவனியுங்கள். பக்கத்தில் வெள்ளை யூனிபோம் வரப்போகிறது. சிவப்புத்தான் சாயம் கழல்வதில் முதலாவது. எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன் துவைத்தாகவேண்டும். புதுக் கொட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். பிறகு சிவப்பில் ஒரு துண்டைச் சுடுதண்ணீர் நிறைந்த கண்ணாடிக் கிளாசில் போட்டு, அரை மணி நேரம் விட்டு, தண்ணீரை வெள்ளைக் கடதாசிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஈரத்துணியை வெள்ளைத் துணிக்கு மேலே வைத்து அயன் பண்ணியும் பாருங்கள். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகும் சாயம் இறங்கினால் அந்தச் சிவப்பை மாற்றுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது, வினாகிரி ஊற்றுவது என்று சொல்வார்கள். கடையில் சாயம் போட்டு வரும் துணியில் அது சாயத்தை நிறுத்தாது.

துவைத்துக் காயவைத்ததும் சோற்றுக் கஞ்சி போட்டு அயன் பண்ணுங்கள். வொயில் கூடக் கடதாசி மாதிரி நிற்கும், கீற்று நேராக வெட்டலாம். போர்வை முடிந்ததும் கஞ்சி முழுவதும் போகும்படி துவைத்துவிடவேண்டும். நம் ஊர் ஈரத்தில் கஞ்சித் துணியை மடித்துவைத்தால் பூச்சியும் பூஞ்சணமும் வந்துவிடும்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை)

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யப்போகிறேன்: லொக் கெபின், 35 கட்டம், சாய்வுப் பட்டி. வெளிர் பக்கம் யூனிபோமும் இள மஞ்சள் வொயிலும். அடர் பக்கம் சாரம், கடல்நீலக் கட்பீஸ், புதிதாகக் கரும்பச்சைப் பொப்ளின். சிவப்புக்குக் கட்பீஸில் ஒன்று இருக்கிறது, சாயம் சோதித்துப் பார்க்கிறேன். உள்ளே மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சு. நைலெக்ஸ் சேலைகளைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம். அடித்துணிக்கு அம்மாவின் ஒரு முழு வொயில் சேலையைப் போட ஆசை, மாம்பழ மஞ்சள், நல்ல திடமாக இருக்கிறது. ஒரு சேலை போதுமா?

ரெட்டைத்தையல் (ஹட்டன்)

போதும் அக்கா, அளவெடுத்தது மாதிரிப் போதும். அடித்துணி எல்லாப் பக்கமும் 4 அங்குலம் கூட இருக்கவேண்டும், அப்போது 68க்கு 92. சேலை ஐந்தரை மீற்றர், ஏறக்குறைய 216 அங்குலம். 92 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டினால் 184 போகும், முந்தானைப் பக்கம் 32 அங்குலம் மிஞ்சும்.

இரண்டு துண்டையும் அப்படியே நடுவில் சேர்க்கவேண்டாம். போர்வையை மடிக்கிற இடத்திலேயே தையல் வந்து அங்கேதான் முதலில் தேயும். ஒரு துண்டை முழு அகலமாக நடுவில் வையுங்கள். மற்றதிலிருந்து 13 அங்குல அகலத்தில் இரண்டு நீளக் கீற்று வெட்டி இரண்டு பக்கமும் சேருங்கள். தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள், கரையை வெட்டி எறிந்துவிட்டுச் சேருங்கள். கரை நெருக்கமான நெசவு, துவைத்தால் அது மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு முன் அடித்துணியைத் தரையில் டேப் போட்டு இழுத்து ஒட்டி, அதற்கு மேலே பஞ்சு, மேல்துணி விரித்து, கைப்பிடியளவு இடைவெளிக்கு ஒரு ஊக்குக் குத்துங்கள். தைப்பது நடுவிலிருந்து வெளியே, சாய்வுப் பட்டியின் ஓரத்தோடு.

விளிம்புக்கு மட்டும் வொயில் போடாதீர்கள். போர்வையில் முதலில் தேய்வது விளிம்புதான். கரும்பச்சைப் பொப்ளினில் இரண்டரை அங்குலக் கீற்று எட்டு வெட்டி, சாய்வாக ஒட்டிச் சேர்த்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தையுங்கள். சுற்றளவு 288 அங்குலம், மூலைகளுக்கும் சேர்த்து 300 வேண்டும். கடையில் கேட்கும்போது அடர் பக்கத்துக் கணக்கோடு இதற்கு இன்னும் 55 சென்ரிமீற்றர் சேர்த்துக் கேளுங்கள்.